கழுதைகள் சுமந்த சிம்மாசனம்

ஷின்கோட் நகரத்தைப் பறிகொடுத்துவிட்டு மலைக்கு ஓடியபோதும் ஜமரக் கான் சிம்மாசனத்தை விடவில்லை. நான்கு கோவேறு கழுதைகள் முதுகொடிய அதைச் சுமந்து வந்தன, பாவம்.

ஆறு பஷ்தூன் குலங்களின் தலைவர்களோடு ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு அரசைக் கட்டியவர் அவனுடைய தாத்தா. பேரனோ அவர்களைக் கைகட்டி நிற்கவைத்தான். நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். எதிரி வந்தபோது கோட்டையைக் காக்க ஆளில்லை.

இப்போது ஆறு தலைவர்களையும் ஜிர்கா என்னும் குலசபைக்கு அழைத்திருந்தான். அவர்கள் கைகொடுக்காவிட்டால் வம்சம் அவனோடு முடிந்தது.

வந்தார்கள். சிம்மாசனத்தில் இருந்தவனைப் பார்த்தார்கள். நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அவனுடைய சூஃபி குருவான பீர் மதத் ஷா, ஒரு ஜமுக்காளத்தை உதறி விரித்தார். சம்மணமிட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார். ஆறு பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கானுக்குத் தெரிந்ததெல்லாம் தலைப்பாகைகளின் பின்பக்கம்தான்.

அவனுக்கு முகம் சிவந்தது.

"பீர் சாகிப், நான் எங்கே உட்காருவது?"

"உயரத்தில் இருக்கிறாய். காலியிடம் உனக்குத்தானே நன்றாகத் தெரியும்?"

பார்த்தான். கிழட்டுத் தலைவர் தர்வேஸ் கானுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் இறங்கினான்.

கிழவர் தன் ரொட்டியில் பாதியை அவன் கையில் திணித்தார்.

"இத்தனை வருஷம் எங்கேடா போயிருந்தாய்?"

கான் ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எல்லோர் முன்னாலும் அழுதான்.

பனி உருகியதும் ஆறு குலங்களின் குதிரைகளும் ஒன்றாகக் கீழே பாய்ந்தன. மூன்றே நாளில் ஷின்கோட் கைக்கு வந்தது. ஊரே முரசு கொட்டிக் கொண்டாடியது. அரண்மனை முற்றத்தில் நூறு பெரிய தட்டுகள், ஒவ்வொரு தட்டையும் சுற்றி ஆறேழு பேர். கானின் மீசையெல்லாம் நெய், முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லுங்கள், பீர் சாகிப். எங்கள் வம்சம் இனி எத்தனை காலம் ஆளும்?"

"அது உன் பேரனிடம் கேட்க வேண்டிய கேள்வி."

"எனக்கு இன்னும் பேரனே பிறக்கவில்லையே!"

பீர் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அப்படியானால் இன்றைக்கு வயிறாரச் சாப்பிடு."