ஒரு கைப்பிடி விஷ்ணுகிரந்தி

"அம்மா, குருபூசைக்கு இந்தப் பூ வருஷம் தவறாம கிடைக்கணும்னா என்ன செய்யணும்?"

பால்வண்ணன் உமையாள் அம்மாளிடம் இப்படிக் கேட்டது போன கார்த்திகையில்.

அம்மாளின் குரு சமாதியாகி அடங்கியிருப்பது கடலோரத்து மணல்மேட்டில். மேடு முழுக்கக் குட்டைப்புல். அதற்குள்ளே சுண்டுவிரல் நகத்தளவு நீலமாக விஷ்ணுகிரந்தி பூக்கும். பூசைக்கு அதில் ஒரு கைப்பிடி போதும். வேறு பூ ஆகாது.

"முயல்" என்றார் அம்மா.

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

பால்வண்ணன் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர். அதுவரை 'வாங்க சார், இருங்க சார்' என்றே பேசிவந்த அம்மா ஒருமையில் ஏவிவிட்டார்! நம்மையும் சீடனாக ஏற்றுக்கொண்டார் என்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

முயன்றார். கொஞ்சநஞ்சமாகவா முயன்றார்!

மறுநாள் விடியலில் போனால், மேட்டின் மேல் முயல்கள் மேய்ந்துகொண்டிருந்தன. குருவின் தலைமாட்டில் புழுக்கை வேறு. சமாதியிலா இந்த அட்டூழியம் என்று ஆள் வைத்துக் கண்ணி போட்டார். ஏழு முயல். பிறகு சுற்றிலும் உடைமுள்ளை வெட்டிப்போட்டு வேலி அடைத்தார்.

இந்தக் கார்த்திகை வந்தது. பூசைக்குப் பூப்பறிக்க அம்மாவை அவரே கூட்டிக்கொண்டு போனார்.

மேட்டில் புல் முழங்கால் உயரம் நின்றது.

பால்வண்ணன் மண்டியிட்டு, விலக்கி விலக்கித் தேடினார். அடியில் வெயிலே படவில்லை. வெளுத்துப்போன கொடி ஒன்று வேரோடு கையில் வந்தது. பூ இல்லை.

"புல்லை மேய ஒண்ணும் வரலையா சார்?"

"விடுவேனாம்மா? ஏழையும் அப்பவே பிடிச்சாச்சு."

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பால்வண்ணன் கொடியோடு எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேனாம்மா? நீங்கதானே முயல்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கொழுப்பு, சொல்லலை."

அவர் கையிலிருந்த கொடியை அம்மா மெல்ல வாங்கிக்கொண்டார்.

"ஆனா சார், உங்களை நான் என்னைக்கு ஒருமையில பேசியிருக்கேன்?"