தொங்கிய ஒயர்

ஞானதுரையை மிஞ்சிய மெக்கானிக் கோவில்பட்டியில் கிடையாது. அதை அவரேதான் எல்லாரிடமும் சொல்லுவார். அவர் புது இன்ஜின் ஏற்றிய டாக்டர் கார் மூன்று நாளாகக் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்பதோடு சரி.

டாக்டரே வந்து நின்றதும், பட்டறை பெருக்கும் பேச்சிக்கனி மேல் ஞானதுரை பாய்ந்தார். "ஏதோ சாமானைக் குப்பையோட தள்ளிட்டே. மத்தியானத்துக்குள்ள கொண்டா. இல்லேன்னா வேலைக்கு வராதே."

பேச்சிக்கனி துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். ஆனால் குப்பைப் பக்கம் போகவில்லை. மூலையில் கிடந்த பழைய இன்ஜினைக் காட்டினாள்.

"இதுல தடியா ஒரு ஒயர் தொங்குது அண்ணாச்சி. புதுசுல அதைக் காணோமே."

இன்ஜினையும் கார் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர்; அது இல்லாமல் கார் கிளம்பாது. பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட மறந்தவர் ஞானதுரை. அவர் முகம் வெளுத்தது. மாட்டியதும் கார் ஒரே திருப்பில் உறுமியது.

டாக்டர் திகைத்துப்போனார். "முன்னாடியே ஏம்மா சொல்லலை?"

"சாமான் விஷயத்துல கையும் வைக்காதே, வாயும் திறக்காதேன்னு அண்ணாச்சி உத்தரவு சார். அதான் மூணு நாளா அதைச் சுத்தியே பெருக்குறேன்."