ஆமை பேசி முடிக்கும் வரை

அந்தக் காலத்தில் மந்திரச் சீட்டுகளுக்கு வாய் இருந்தது. சீட்டில் வரைந்திருந்த நாகமும் ஆமையும் குருவியும் ஆட்டம் தொடங்கியதும் மேசைமேல் எழுந்து நின்று, தத்தம் சக்தியைத் தாமே கூவிச் சொல்லும். சொன்னது அந்த நொடியே நடந்துவிடும். ஆகவே யார் முந்திக் கத்துகிறார்களோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். பாதி நேரம் அது ஆட்டமாகவே இருக்காது, வெறும் சந்தைக்கடை இரைச்சல்தான்.

மந்திரக்காரி தையல்நாயகியும் அவள் அண்ணி ஏகவல்லியும் அந்த ஆட்டத்தில் கில்லாடிகள். அண்ணியிடம் ஒரு தீநாகம் இருந்தது. "எரி!" என்று அது ஒரு சொல் சொன்னால் போதும், எதிரே நிற்கும் சீட்டு சாம்பலாகிவிடும். சாம்பலான சீட்டு திரும்பி வராது. தையல்நாயகியிடம் இருந்ததோ ஓர் ஆமை. யாரையும் காக்கக்கூடிய மந்திர ஓடு அதற்கு உண்டு. ஆனால் அது "காப்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் வெற்றிலை போட்டுத் துப்பிவிடுவார்கள்.

"அதைத் தூக்கிப் போடேன் நாயகி. அது வாயைத் திறக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சுடுது" என்பாள் ஏகவல்லி.

"மாட்டேன் அண்ணி. குருவி அது முதுகுலதான் தூங்குது."

அந்தக் குருவிதான் ஆமையின் ஒரே தோழி. ஒரு தாலாட்டு வரிதான் அதற்குத் தெரியும். அதைப் பாடினால் சின்னப் பிராணிகள் தூங்கிவிடும். நாகத்துக்கோ கொட்டாவிகூட வராது.

ஒரு நாள் ஆட்டம் சூடுபிடித்தபோது, தீநாகம் குருவியைப் பார்த்து மூச்சை இழுத்தது. அப்போது ஆமை சீட்டுக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. நடக்கத்தான் அதற்கு நேரமாகும், விழுவதற்கு நேரமே ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு உருண்டது. தொப்பென்று நாகத்தின் தலைமேல் விழுந்து, அதன் வாயை அமுக்கிக்கொண்டது.

"யாருடா அது? எந்திரி!" என்று நாகம் மூக்கால் முனகியது.

"நான்... பேசி... முடிச்சாத்தான்... எந்திரிப்பேன்" என்றது ஆமை.

நாகத்துக்கு உதவ அண்ணியின் இன்னொரு சீட்டான உடும்பு ஓடி வந்தது. பிறர் வாயைக் கட்டிப்போடுவது அதன் சக்தி. அது ஆமையின் மேல் ஏறி, கூவுவதற்கு வாயைத் திறந்தது. அதற்குள் குருவி பறந்து வந்து உடும்பின் மூக்கில் உட்கார்ந்து, தன் ஒற்றை வரியைப் பாடிவிட்டது. உடும்பு குறட்டை விட்டபடி கீழே உருண்டது.

பிறகு ஆமை, யார் அவசரப்படுத்தியும் கேட்காமல், "குருவிக்குக்... காப்பு" என்று சொல்லி முடித்தது. மந்திர ஓடு குருவியை மூடிக்கொண்டது. அதன் பிறகே ஆமை இறங்கியது. கடைசியாக வாய் விடுபட்ட நாகம் "எரி!" என்று கத்த, நெருப்பு ஓட்டில் பட்டுத் திரும்பி அதன் மீசையையே பொசுக்கியது.

"நான்தானே முதல்ல வந்தேன்! கடைசியா ஏறுன குருவி முதல்ல பேசுறா, இது என்ன நியாயம்?" என்று நாகம் அழாத குறையாகக் கேட்டது.

ஏகவல்லி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேல இருக்கறவங்க இறங்காம கீழ இருக்கறவங்க எப்படிப்பா எழுந்திருக்க முடியும்? நியாயம் சரியாத்தான் இருக்கு. நாயகி, இனிமே இப்படியே ஆடலாமா?"

"ஆடலாம் அண்ணி. ஆனா எங்க ஆமை தினமும் உருள முடியாது. கேட்டுட்டு எரிக்கச் சொல்லுங்க."

நாகம் மீசையைத் தடவிக்கொண்டது. "சரி, சரி. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். யாராவது என் மேல ஏறப் போறீங்களா?"

குருவி பிழைத்த சந்தோஷத்தில் ஆமை அன்று நான்கு சொற்களை ஒரே மூச்சில் பேசியதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

சீட்டுகள் பிறகு எப்போதோ பேச்சை விட்டுவிட்டன. ஆனாலும் அன்று முதல்தான், மந்திரச் சீட்டாட்டத்தில் சீட்டை இறக்கியவர் அதன் சக்தியை உடனே நடத்திவிடாமல், "பதில் உண்டா?" என்று எதிராளியைக் கேட்கிறார். பதிலுக்கு மேல் பதிலாகச் சீட்டுகள் விழுந்தால், கடைசியாக விழுந்ததே முதலில் நடக்கிறது. கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பதும் அதனால்தான். எதிரில் இருப்பவர் கையில் ஓர் ஆமை இருக்கலாம், அது இப்போதுதான் வாயைத் திறந்திருக்கும்.