கூரையில்லாப் பந்தல்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாவுக்குத் தோன்றியதெல்லாம் சட்டமாக இருந்த காலம். நாலு திசையும் பரந்த ஒரு நாட்டை மகுடவர்மன் ஆண்டான். அவன் பிறந்தநாள் அடைமழை ஐப்பசியில் வரும். அந்த வருஷம் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது.

"விழா முடியும்வரை என் நாட்டில் மழை கூடாது. மழை என்று வாயெடுப்பவன் நாக்கை அறுப்பேன். சோதிடரே, வானம் எப்படி?"

அரண்மனைச் சோதிடர் நட்சத்திரநாதர் சளைத்தவரா? "வடக்கே இளவெயில், மேற்கே மலைத்தென்றல், தெற்கே தெளிந்த வானம், கிழக்கே குளம்போலக் கடல். விழா முடியும்வரை இப்படியேதான், பிரபு!" என்று அளந்துவிட்டார்.

அதை நம்பி, விருந்துக்கு மீன் வேண்டுமென்று கிழக்குக் கரைப் படகுகளையெல்லாம் கடலுக்குத் துரத்தினார்கள்.

அரசவை விகடன் அம்பலக்கூத்தன் மாடத்தில் ஏறிப் பார்த்தான். அந்தப் படகுகளில் அவன் அக்காள் புருஷனும் போயிருந்தான். கிழக்கே வானம் கரிச்சட்டியாகக் கிடந்தது. பகலில் கலங்கரை விளக்கை ஏற்றினால் படகுகள் கரை திரும்பும். அதுதான் அங்கே வழக்கம். ஆனால் ஏற்ற அரசன் ஆணை வேண்டுமே! காரணம் சொன்னால் நாக்குப் போய்விடும்.

சோதிடர் விடுவாரா? "கூத்தன் முகம் தொங்குகிறதே, தங்கள் வாக்கில் ஐயமோ? விழாப் பந்தலை அவரே போடட்டும், பிரபு" என்றார். மழையில் பந்தல் சரிந்தால் பழி கூத்தன் தலையில் விழட்டும் என்ற நல்லெண்ணம்!

"உத்தரவு" என்று கூத்தன் போனான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அரசன் வந்து பார்த்தால், பந்தக்கால்கள் நிற்கின்றன, கூரையைக் காணோம். நடுவில் சிம்மாசனம்.

"என்னடா இது?"

"தங்கள் வாக்கை அப்படியே நம்பினேன், பிரபு. வராத ஒன்றுக்குக் கூரை எதற்கு? நம்பாதவர் ஒருவர் இருக்கிறார். சோதிடர் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்."

சொல்லி முடிக்கவில்லை, பொத்துக்கொண்டு ஊற்றியது. பழக்கதோஷம், சோதிடர் கை தானாகப் பின்னாலிருந்த தாழங்குடையை எடுத்துப் பிடித்தது!

தொப்பலாக நனைந்த அரசன் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சோதிடரைக் குடையில்லாமல் அந்தப் பந்தலிலேயே உட்காரவைத்தான். முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றான்.

"கலங்கரை விளக்கை ஏற்றச் சொல்லுங்கள், பிரபு. இப்போதே!"

ஏற்றினார்கள். கூத்தன் கரைக்கு ஓடினான். படகுகள் தத்தளித்துத் திரும்பின. அவன் மச்சானும் வந்தான். சிலர் வரவேயில்லை.

மறுநாள் அவையில் அரசன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "எங்கேயடா மாலை?"

"கரையில் கடலையே பார்த்து நின்ற ஒருத்தியிடம் கொடுத்தேன், பிரபு. 'விளக்கை நேற்றே ஏற்றியிருக்கக் கூடாதா, ஐயா?' என்று கேட்டுவிட்டு, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்."

கூத்தன் மாலையை அரசன் காலடியில் வைத்தான். அதன் பிறகு அந்த அவையில் யாரும் சிரிக்கவில்லை.