இரும்புக் கடற்காகத்தின் முதல் வரி

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் பேச்சை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் ஜெர்மனி இன்னும் இரண்டு நாடுகளாகத்தான் இருந்தது. வடகடல் ஓரத்தில் கிராவென்ஹாஃபென் என்றொரு துறைமுக ஊர். அங்கே மூன்று நண்பர்கள் ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில் இசைக்குழு தொடங்கினார்கள். ஹென்னிங் கிடார் வாசித்தான், வில்கோ பேஸ் கிடார், யோர்ன் டிரம்ஸ். குழுவுக்கு 'ஐசென்மோவெ' என்று பெயர் வைத்தார்கள். இரும்புக் கடற்காகம் என்று பொருள்.

அவர்கள் வாசித்தது பவர் மெட்டல் என்ற அதிரடி ராக் இசை. குதிரைப்படை பாய்வதுபோல் டிரம்ஸ் அதிரும். பாட்டில் வாளும் புயலும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற உச்சக் குரல் ஒன்று வேண்டும். அந்தக் குரல்தான் அவர்களிடம் இல்லை. மூவரில் யார் பாடினாலும் மற்ற இருவருக்கும் சிரிப்பு வந்தது.

ஹென்னிங் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தான். வந்தது ஒரே ஒரு கடிதம். 'கெ. லூடர்ஸ்' என்று கையெழுத்து. அந்த முகவரிக்குத் தங்கள் முதல் பாட்டின் கேசட்டையும் வரிகளையும் அனுப்பி, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லி எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கே கதவு தடதடவென்று அதிர்ந்தது. திறந்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரவு உடுப்பின்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"வாருங்கள், வாருங்கள்! சீக்கிரமே வந்துவிட்டீர்களே!" என்றான் ஹென்னிங்.

"நான் எதற்கு வந்தேன் என்றால்..."

"தெரியும், தெரியும். இதைப் பிடியுங்கள்."

கையில் மைக்கைத் திணித்தார்கள். யோர்ன் டிரம்ஸை வெளுக்கத் தொடங்கினான். வந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நிறுத்துங்கள்!" என்று கத்தினார். அந்தக் குரல் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

மூவரும் வாசிப்பதை விட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இதுதான்! இதேதான்! இன்னொரு முறை!" என்றான் வில்கோ.

வந்தவர் பெயர் ஆல்வின் மெர்ட்டன்ஸ். கிடங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மீன் பதனிடும் ஆலையில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். சத்தம் தாங்காமல் சண்டை போட வந்தவர். ஆனால் 'இன்னொரு முறை' என்று அவரிடம் யாரும் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவர்கள் நீட்டிய தாளில் இருந்த வரிகளைப் பார்த்து இன்னொரு முறை பாடினார். வீட்டுக்குப் போய்ப் படுத்தபின், 'நான் சண்டை போடத்தானே போனேன்?' என்று யோசித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினார். அன்றும் பாடிவிட்டு வந்தார். அவர்கள் அவரை 'லூடர்ஸ்' என்று கூப்பிட்டார்கள். இந்த மாதிரிக் குழுக்களில் பாடகரை அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

நான்கு மாதம் இப்படியே போயிற்று. மீனவர் சங்க மண்டபத்தில் முதல் கச்சேரி முடிவாயிற்று. அதற்கு நான்கு நாள் முன்பு ஹென்னிங்குக்கு ஒரு கடிதம் வந்தது.

'அன்றைக்கு மூன்று மணிக்கு வந்தேன். உள்ளே ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்து, கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டேன். இப்போது சுவரொட்டி பார்த்தேன். கேட்க வருகிறேன். கெசீனா லூடர்ஸ்.'

மூவரும் மாறி மாறிப் படித்தார்கள்.

"கெசீனா என்றால் பெண் அல்லவா?" என்றான் வில்கோ.

"அப்படியானால் நம்மிடம் இருக்கிற லூடர்ஸ் யார்?" என்றான் யோர்ன்.

அன்று ஒத்திகைக்கு வந்தவரிடமே கேட்டார்கள்.

"ஆல்வின் மெர்ட்டன்ஸ். பக்கத்து வீடு. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொல்ல வந்தேன்."

"எப்போது?"

"ஏப்ரலில்."

யோர்ன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இப்போதும் அதிகமாகத்தான் இருக்கிறதா?"

"இருக்கிறது."

கடிதத்தை அவரிடம் கொடுத்தார்கள். படித்து முடித்ததும் அவர் முகம் வாடியது. "இது அந்தப் பெண்ணின் இடம். எனக்குத் தெரியாமல் போயிற்று."

"சனிக்கிழமை நீங்கள் வராவிட்டால் கச்சேரியே இல்லை" என்றான் ஹென்னிங்.

ஆல்வின் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை மண்டபத்தில் இருநூறு பேர். கடைசி நிமிடத்தில் ஆல்வின் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். விளக்கு எரிந்தது. முதல் பாட்டின் முன்னிசை தொடங்கியது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இத்தனை நாள் பாடியது லூடர்ஸ். ஆல்வினுக்குப் பாட உரிமை உண்டா என்று அவருக்கே விளங்கவில்லை.

முன்னிசையை இரண்டாம் முறை வாசித்தார்கள். மூன்றாம் முறையும் வாசித்தார்கள். இதுவும் பாட்டில் சேர்த்தியா என்று புரியாமல் கூட்டம் விழித்தது. சிலர் வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

அப்போது மூன்றாவது வரிசையில் மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் எழுந்து நின்று முதல் வரியைப் பாடினாள். கணீரென்ற குரல். எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த வரிகள் போனது ஒரே ஒரு முகவரிக்குத்தான் என்பது ஹென்னிங்குக்குச் சட்டென்று உறைத்தது. அவள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, 'இனி உங்களுடையது' என்பதுபோல் ஆல்வினை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஆல்வின் இரண்டாவது வரியை எடுத்தார். வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் அவர் மேடையிலிருந்து இறங்கி நேரே அவளிடம் போனார். "மைக் உங்களுடையது. வாங்கிக்கொள்ளுங்கள்."

கெசீனா அவரையே பார்த்தாள். "கேட்க வருவதாக எழுதினாலும், அதற்காகத்தான் இன்று வந்தேன். நீங்கள் பாடிக் கேட்டபிறகு அதை வாங்க மனம் வரவில்லை. ஆனால் அந்த முதல் வரி மட்டும் எனக்கு வேண்டும். கீழே நின்றே பாடுகிறேன்."

"ஏன் கீழே நின்று?" என்று கேட்டான் ஹென்னிங்.

"தெரியவில்லை" என்றாள் அவள். அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனாலும் சரி என்றார்கள்.

ஊர் ஊராகப் போய் அப்படியே பாடினாள். ஒருமுறை காய்ச்சலில் அவளால் வர முடியவில்லை. ஆல்வின் வாயைத் திறக்க மறுத்து நின்றார். கூட்டத்திலிருந்து முகம் தெரியாத யாரோ அந்த வரியைப் பாடினார்கள்.

அதனால்தான் இன்றுவரை இரும்புக் கடற்காகத்தின் எந்தக் கச்சேரியிலும் முதல் வரி மேடையிலிருந்து வருவதில்லை. முன்னிசை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். கீழே கெசீனாவோ வேறு யாராவது ஒருவரோ தொடங்குவார். அது யாராக இருக்கும் என்பது குழுவுக்கும் தெரியாது.