கம்பளியாண்டியின் கற்பூரவல்லி

மழை மிகுந்த ஒரு காட்டில் கம்பளியாண்டி என்றொரு கரடி இருந்தது. உடம்பு பெரியது, மனசு மட்டும் கடுகளவு.

காட்டோரத்தில் யாரோ வீசிவிட்டுப் போன ஓட்டைத் தொட்டி ஒன்று அதற்குக் கிடைத்தது. அதில் ஒரு கற்பூரவல்லிச் செடி. அதன் சாற்றைக் குடித்தால் சளியும் இருமலும் ஓடிவிடும். அந்தக் காட்டில் வேறெங்கும் அந்தச் செடி கிடையாது. கம்பளியாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியைக் குகை வாசலில் வைத்து, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டது.

மழைக்காலம் வந்தது. அல்லி என்ற முயலின் குட்டிகள் இருமித் தீர்த்தன. அல்லி குகைக்கு ஓடி வந்தது.

“அண்ணே, ஒரே ஒரு கிளை ஒடித்துக் கொடுங்கள். மண்ணில் செருகினால் எங்கள் வளையிலும் தழைத்துவிடும்.”

“எல்லார் வீட்டிலும் தழைத்துவிட்டால் என் வாசலுக்கு எவன் வருவான்?” என்றது கரடி.

“குட்டிகள் இருமுகின்றன, அண்ணே!”

“தூக்கிக்கொண்டு வா. வரிசையில் நின்று மோந்து பார்க்கட்டும். இலைமேல் மூக்கு படக்கூடாது!”

அல்லி அழுதுகொண்டே திரும்பியது. வழியில் சூட்டி என்ற கீரி நடந்ததைக் கேட்டது.

“கிளைதானே? அவரே என் கையில் திணிப்பார், பார்!” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

செடியின் முன்னால் போய் நின்று சூட்டி உச்சுக் கொட்டியது.

“எதுக்குடா உச்சு?” என்று உறுமியது கரடி.

“உங்கள் வீட்டுச் செடி இப்படி நோஞ்சானாக நிற்கலாமா, அண்ணே? நுனிகளைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, உங்களைப் போலவே புசுபுசுவென்று ஆகிவிடும்.”

சூட்டி சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் கம்பளியாண்டியின் காதில் விழுந்தது ‘உங்களைப் போலவே’ மட்டும்தான்.

“நீயே கிள்ளு. என் விரல் தடிமன்.”

“கிள்ளிய குப்பையை என்ன செய்ய?”

“இங்கே போட்டால் பூச்சி வரும். அள்ளிக்கொண்டு ஓடு!”

சூட்டி வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு அல்லியின் வளைக்கு ஓடியது. அல்லி கிளைகளின் அடியிலிருந்த இலைகளைக் களைந்து, தண்டுகளை ஈரமண்ணில் செருகியது. களைந்த இலைகளின் சாறு குட்டிகளின் வயிற்றுக்குப் போயிற்று. மயிலுக்கு ஒரு தண்டு, மானுக்கு ஒரு தண்டு என்று மிச்சத்தைக் கொடுத்தது. சில நாளில் எல்லாம் வேர்விட்டு நிமிர்ந்தன. குட்டிகள் இருமலை மறந்து அம்மாவின் முதுகில் குதித்தன.

கம்பளியாண்டியின் செடியும் சொன்னபடியே அடர்ந்து வளர்ந்தது. உடனே கரடிக்குப் பயம் பிடித்தது. ‘இவ்வளவு அழகை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?’ தொட்டியைக் குகையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோனது. பாசம் பொங்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றியது. பாசம் ஓயாமல் பொங்கியது. ஒரு காலையில் ஆசையாகத் தொட்டால், தண்டு கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது.

அந்த வாரமே கரடிக்குச் சளி பிடித்தது. அது போட்ட தும்மலில் குகை வௌவால்கள் குடிபெயர்ந்தன. மூச்சுத் திணறி வெளியே வந்த கம்பளியாண்டி, அல்லியின் வளையருகே திகைத்து நின்றது. எங்கு பார்த்தாலும் கற்பூரவல்லி! மூக்கு அடைத்திருந்ததால் வாசனைதான் தெரியவில்லை.

“திருட்டுப் பயல்களே, இது என்…” என்று தொடங்கியது. மீதி தும்மலாக வந்தது.

“நீங்கள் அள்ளிக்கொண்டு போகச் சொன்ன குப்பைதான், அண்ணே. பிடுங்கி எறிந்துவிடட்டுமா?” என்றது அங்கே நின்ற சூட்டி.

“ஐயோ, வேண்டாம்!” கரடி பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. அதன் குரல் இறங்கியது. “அல்லி, என் செடி அழுகிப் போய்விட்டது. ஒரு சின்னக் கிளை கிடைக்குமா?”

அல்லி இருப்பதிலேயே கொழுத்த கிளையாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தது.

“வெயிலில் வையுங்கள், அண்ணே. தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள்.”

கம்பளியாண்டி கிளையை மார்போடு அணைத்துக்கொண்டு நாலடி நடந்தது. பிறகு திரும்பி நின்று, பெரிய வள்ளலைப்போல நெஞ்சை நிமிர்த்தியது.

“கவலைப்படாதே, அல்லி! இது தழைத்ததும் உனக்கும் ஒரு கிளை தருகிறேன்!”

நீதி: நாலு வீட்டுக்குக் கொடுத்த செடி, நம் வீட்டில் பட்டுப்போனாலும் நம்மை விட்டுப் போவதில்லை.