மொச்சையின் பல்லும் காத்தாயியின் நகமும்

மலையடிக் காட்டில் காத்தாயி என்று ஒரு பெண் கரடி இருந்தது. அது ஒரு முயல் குட்டியை வளர்த்து வந்தது.

கரடியாவது முயலை வளர்ப்பதாவது என்று சிரிக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஓடை கரைபுரண்டு ஒரு புதரையே அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த முயல் குடும்பமும் போய்விட்டது. ஒரே ஒரு குட்டி மட்டும் வேரில் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தது. காத்தாயி தண்ணீரில் இறங்கி அதைக் கவ்வி எடுத்தது. கரடியின் பெரிய கையில் அது ஒரு மொச்சைக் கொட்டை மாதிரிதான் தெரிந்தது. அதனால் மொச்சை என்றே பெயர் வைத்துவிட்டது.

அன்றிலிருந்து காத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப்போல் பிள்ளை வளர்க்க இந்தக் காட்டில் யாரும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது.

பக்கத்து மரத்தில் வாலப்பன் என்ற குரங்கு குடியிருந்தது. காத்தாயியின் பெருமையை ஊதிவிடுவதுதான் அதற்குப் பொழுதுபோக்கு.

"அக்கா! மொச்சைக்கு இலந்தைப்பழத்தைக் கொட்டை எடுத்துக் கொடுத்தது யாரு?" என்று கேட்கும்.

"நான்தான்!" என்று காத்தாயி உறுமும்.

"வாழைப்பழத்தைத் தோல் உரிச்சு, நசுக்கி ஊட்டினது யாரு?"

"நான்தான்! வேறு யாரு?"

காத்தாயிக்கு உச்சி குளிர்ந்துவிடும். குளிர்ந்த கையோடு வாலப்பனுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் போய்ச் சேரும். குரங்கு சும்மாவா புகழும்?

காத்தாயிக்குத் தெரிந்த நல்ல சாப்பாடெல்லாம் தேன், பழம், கரையான், அவ்வளவுதான். காய்ந்த புல்லைத் தின்பது கதி கெட்ட பிராணிகளின் தலைவிதி என்றே அது நினைத்தது. ஒருநாள் மொச்சை தானாகப் போய் ஒரு முரட்டு மலைப்புல்லைக் கடித்தது. காத்தாயி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி எறிந்தது.

"துப்புடா கண்ணு, துப்பு! வைக்கோலைத் தின்னவா உன்னை வெள்ளத்திலேருந்து எடுத்தேன்?"

மொச்சை துப்பிவிட்டது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. இலுப்பைப் பூ உதிரத் தொடங்கும் முதல் காலையில் எல்லா மிருகங்களும் பெரிய இலுப்பை மரத்தடியில் கூடும். அந்த வருடம் வளர்ந்த குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து, தன் இரையைத் தானே தேடி, தானே தின்று காட்டும். பார்த்தவர்கள் கொண்டாடுவார்கள். வளர்த்தவர்கள் அந்த வருடம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளுவார்கள். காத்தாயி தை மாதமே அந்தக் காலைக்காகத் தன் ரோமத்தை நக்கி மினுமினுப்பாக்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் மொச்சை சாப்பாட்டைக் குறைத்தது.

பசியில்லாமல் இல்லை. பழத்தைக் கண்டால் ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், வாயில் வைக்கும். வைத்தது கீழே விழுந்துவிடும். மோவாய் எந்நேரமும் ஈரமாக இருந்தது. இடுப்பெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

"என்னடா கண்ணு, பிடிக்கலையா?" என்று காத்தாயி கேட்டது.

"பிடிச்சிருக்கும்மா. அப்புறமா சாப்பிடறேன்" என்றது மொச்சை. அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்க அதற்கு மனசு வரவில்லை.

வாலப்பன் கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. "செல்லப் பிள்ளைன்னா அப்படித்தான் அக்கா! இன்னும் மெத்துனு கொடு! பழத்தைக் கூழாக்கிக் கொடு! தேன் ஊத்திக் கொடு!"

காத்தாயி கூழாக்கிக் கொடுத்தது. தேன் ஊற்றியும் கொடுத்தது. மொச்சை இரண்டு வாய் நக்கிவிட்டு நகர்ந்துகொள்ளும். மீதியெல்லாம் யாருக்கு? வாலப்பனுக்குத்தான்! முயல் இளைக்க இளைக்கக் குரங்கு தடித்தது. காத்தாயி அதைக் கவனிக்கவில்லை. பெருமை கண்ணை மறைத்திருந்தது.

இந்தப் பிழைப்பில் காத்தாயி புற்றுப் பக்கமே போகவில்லை. கரடிக்குக் கரையான் புற்றைத் தோண்டுவதுதான் வேலை. ஆனால் மொச்சையை விட்டு எப்படிப் போவது? பழம் பொறுக்குவதும் நசுக்குவதும் ஊட்டுவதுமாகவே நாட்கள் ஓடின. அதற்குள் நகங்கள் நீண்டு வளைந்துவிட்டன. நடந்தால் வேரில் மாட்டியது, கொடியில் மாட்டியது. ஒரு காலை வாழைத்தாரோடு வந்த காத்தாயி தன் நகம் தடுக்கியே குப்புற விழுந்தது. தார் நசுங்கி மூஞ்சியெல்லாம் வாழைப்பழம்!

"அக்கா, இதுவும் கூழ்தானே! ஊட்டிடு!" என்று வாலப்பன் விழுந்து விழுந்து சிரித்தது.

காத்தாயிக்கு எரிச்சல் வந்தது. பசியும் வந்தது. மொச்சையை முதுகில் ஏற்றிக்கொண்டு நேராகப் புற்றுக்குப் போனது. அன்று முழுவதும் தோண்டியது. மண் பாறைபோல இறுகியிருந்தது. நகம் உரசி உரசி நுனி உதிர்ந்தது. மறுநாளும் தோண்டியது, அதற்கு மறுநாளும் தோண்டியது. வயிறும் நிறைந்தது.

மூன்றாம் நாள் மாலை திரும்பி வரும்போது காத்தாயி ஒன்றைக் கவனித்தது. கால் எங்கும் தடுக்கவில்லை! கையைத் தூக்கி நகங்களைப் பார்த்தது. பழையபடி குட்டையாக, கெட்டியாக இருந்தன.

"சும்மா வச்சிருந்தப்போ வளர்ந்துச்சு. வேலை கொடுத்ததும் தேய்ஞ்சு சரியாயிடுச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

சொன்னதும் அப்படியே நின்றுவிட்டது. முதுகில் இருந்த மொச்சையின் எச்சில் அதன் தோளில் சொட்டியது.

"மொச்சை! கீழே இறங்கு! வாயைத் திற!"

"வேண்டாம்மா."

"திற கண்ணு. அம்மா திட்ட மாட்டேன்."

மொச்சை மெதுவாகத் திறந்தது. காத்தாயி குனிந்து பார்த்தது. மேல்பற்கள் இரண்டும் உள்ளே சுருண்டிருந்தன. கீழ்ப்பற்கள் வெளியே நீண்டு மேலுதட்டைக் குத்திக்கொண்டிருந்தன. உதட்டில் புண்.

"எவ்வளவு நாளாடா இப்படி?"

"ரொம்ப நாளாம்மா. கடிச்சா வலிக்குது. நீ எல்லார்கிட்டேயும் என்னைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தே. அதான் சொல்லலை."

காத்தாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் ஊட்டிய வாய்க்குள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே! முயலின் பல் ஆயுசு முழுவதும் வளரும். முரட்டுப் புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். அந்தப் புல்லைத்தான் காத்தாயி பிடுங்கி எறிந்திருந்தது! இப்படியே விட்டால் பழங்கள் குவிந்து கிடக்க, நடுவில் பிள்ளை பட்டினியால் செத்துப்போகும்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. காத்தாயி ஓடையோரம் போய்ச் சொரசொரப்பான ஒரு சின்னக் கல்லைத் தேடி எடுத்தது. மொச்சையை மடியில் வைத்துக்கொண்டது.

"வலிக்குமாம்மா?" என்று மொச்சை கேட்டது.

"என் நகம் தேய்ஞ்சப்போ நான் அழுதேனா? நுனியிலே வலிக்காது கண்ணு. நீ மட்டும் அசையாதே. நானும் அசைய மாட்டேன்."

புற்றைப் பிளக்கிற கை அது. கொஞ்சம் அழுத்தினால் முயலின் தாடை நொறுங்கிவிடும். காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தது. கொஞ்சம் தேய்க்கும், நிறுத்தும், தண்ணீர் குடிக்க வைக்கும், மறுபடி தேய்க்கும். நிலா ஏறி இறங்கும்வரை அந்தக் கை ஒருமுறைகூடத் தவறவில்லை. காட்டில் எத்தனையோ கரடிகள் எத்தனையோ புற்றுகளை உடைத்திருக்கின்றன. இந்த வேலையைச் செய்த கரடி இது ஒன்றுதான்! (வீட்டில் முயல் வளர்க்கிற பிள்ளைகளே, நீங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உங்கள் ஊரில் கால்நடை மருத்துவர் இருக்கிறார். காத்தாயிக்கு இல்லை.)

கடைசியில் மொச்சை வாயை மூடியது. பல் எங்கும் இடிக்கவில்லை! "அம்மா! வாய் மூடுது!" என்று துள்ளியது.

மறுநாள் காத்தாயி பழம் பொறுக்கப் போகவில்லை. ஒரு கட்டு முரட்டு மலைப்புல்லைக் கொண்டுவந்து மொச்சையின் முன்னால் போட்டது. மொச்சை கடித்தது. துப்பியது. மறுபடி கடித்தது.

"வாழைப்பழம் இல்லையாம்மா?"

காத்தாயியின் நெஞ்சு இளகியது. "அப்பப்போ ஒரு துண்டு தரேன். சாப்பாடு இதுதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வாலப்பனுக்கு வயிறு காய்ந்தது. ஓசி விருந்து நின்றுபோனால் சும்மா இருக்குமா? மரத்துக்கு மரம் தாவிச் செய்தி பரப்பியது.

"கேட்டீங்களா! காத்தாயி பிள்ளையைப் பட்டினி போடுது! கல்லால் பல்லைத் தேய்க்குது! வைக்கோலைத் தின்னச் சொல்லுது! கொடுமைக்காரி!"

மிருகங்கள் முணுமுணுத்தன. மான்கள் காத்தாயியைக் கண்டால் ஒதுங்கிப் போயின. பேர் எடுப்பதற்கென்றே பிள்ளை வளர்த்த காத்தாயிக்கு இது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் புல்லை மாற்றவில்லை. தினமும் காலையில் மொச்சையின் வாயைத் திறந்து பார்க்கும். கோணலாக வளர்ந்துவிட்ட பல் அல்லவா? ஒரு நுனி தலை தூக்கினால் கல்லை எடுக்கும். பிறகு புல்லைப் போட்டுவிட்டுப் புற்றுக்குக் கிளம்பிவிடும்.

இலுப்பைப் பூ உதிர்ந்தது. காடே மரத்தடியில் கூடியது. யானைதான் அங்கே தலைவர்.

"காத்தாயி, உன் பிள்ளை எங்கே?" என்று யானை கேட்டது.

மொச்சை தனியாக நடந்து வந்தது. இடுப்பெலும்பு தெரியவில்லை. ரோமம் பளபளத்தது. புல்வெளி ஓரம் போய் அங்குமிங்கும் முகர்ந்தது. அங்கே இளம்புல் நிறைய இருந்தது. மொச்சை அதைத் தாண்டிப் போய், வெயிலில் காய்ந்து நின்ற ஒரு முரட்டுப் புல்லைப் பிடித்து இழுத்தது. புல் வரவில்லை.

காத்தாயியின் கைகள் பரபரத்தன. ஒரே இழுப்பில் பிடுங்கிக் கொடுத்துவிடலாம்! காடே பார்த்துக்கொண்டிருக்கிறதே! காத்தாயி சட்டென்று தன் கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

மொச்சை காலை ஊன்றிக்கொண்டு மறுபடி கடித்தது. நறுக்! புல் துண்டானது. கறுக், கறுக், கறுக் என்று அரைக்கும் சத்தம் யானையின் காது வரைக்கும் கேட்டது. அது முடிந்ததும் அடுத்த புல். பிறகு அதற்கடுத்தது.

மிருகங்கள் ஆரவாரம் செய்தன. ஒதுங்கிப் போன மான்கள்கூடக் குதித்தன.

வாலப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புல்லை முன்னாடியே மென்னு மெதுவாக்கி வச்சது யாரு? பல்லுக்குத் தோதா கிள்ளி வச்சது யாரு? சொல்லு அக்கா, யாரு?" என்று கத்தியது.

காத்தாயி எழுந்து நின்றது. "நான்தான்" என்று ஆயிரம் தடவை சொன்ன வாய் அது. ஆனால் அன்று இருந்த பெருமை அதற்கு என்றுமே இருந்ததில்லை.

"யாரும் இல்லை!" என்று காடு அதிர உறுமியது. "அவனே கடிச்சான்!"

கடினமானதையெல்லாம் தானே சுமந்து பிள்ளையைச் சொகுசாக வைத்திருப்பவரைவிட, அதன் கடினத்தை அதுவே மெல்லும்படி பார்த்துக்கொள்பவரே நன்றாக வளர்த்தவர்.